செண்டுமல்லியின் பயிர்ப் பாதுகாப்புப் பணிகள்: ‘பூச்சிவிரட்டி’ எனும் வழக்கு குறித்த விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

காய்கறித் தோட்டங்களில் ஊடாக நடப்படும் செண்டுமல்லி ‘பூச்சிவிரட்டி’ எனப் பரவலாகக் குறிக்கப்படுகிறது. தக்காளிக் காய்ப்புழுவைப் பொறுத்தவரை அதன் பணி விரட்டுவதன்று, ஈர்ப்பதாகும். இவ்வேறுபாட்டையும் அதனை உணராமையால் நேரும் விளைவையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: செண்டுமல்லி, கவர்ச்சிப்பயிர், காய்ப்புழு, நூற்புழு, ஒட்டுண்ணிக் குளவி.

முன்னுரை

துலுக்கச் சாமந்தி எனவும் வழங்கப்பெறும் செண்டுமல்லியின் தாயகம் மெக்சிகோ. மாலைக்கும் வழிபாட்டுக்கும் பயிரிடப்படும் இச்செடி, மண்ணுக்கு மேல் மலராலும் மண்ணுக்குள் வேராலும் பயிரைக் காக்கிறது. இவ்விரு பணிகளையும் ஒரே பெயரால் சுட்டுவதே குழப்பத்திற்குக் காரணமாகிறது.

மலரின் பணி

காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சி, செண்டுமல்லியின் மொட்டுகளிலும் மலர்களிலும் முட்டையிட விரும்புகிறது. இவ்வியல்பின் அடிப்படையில், 16 வரிசைத் தக்காளிக்கு 1 வரிசைச் செண்டுமல்லி பரிந்துரைக்கப்படுகிறது. 25 நாள் வயதுடைய தக்காளி நாற்றும் 40 நாள் வயதுடைய செண்டுமல்லி நாற்றும் ஒரே வேளையில் நடப்படுகின்றன. தக்காளி பூக்கும்போது செண்டுமல்லியும் பூத்திருக்க வேண்டும் என்பதே இவ்வயது வேறுபாட்டின் நோக்கம். பூப்புக் காலம் பொருந்தாவிடில் அந்துப்பூச்சி தக்காளியையே நாடும். ஈர்க்கப்பட்ட புழுக்களைத் திரட்டி அழிப்பதும் இன்றியமையாதது. ‘விரட்டி’ என நம்பிக் கவனியாது விட்டால், அவ்வரிசையே புழுக்களின் வளர்ப்பிடமாக மாறக்கூடும்.

வேரின் பணி

செண்டுமல்லியின் வேரில் ஆல்ஃபா-டெர்தையீனைல் எனும் கந்தகம் அடங்கிய சேர்மம் உள்ளது. இது வேர்முடிச்சு நூற்புழுக்களுக்கு நஞ்சாகும். எனினும், அங்கொன்றும் இங்கொன்றுமாக நடப்படும் செடிகளால் பெரும்பயன் விளைவதில்லை. முதன்மைப் பயிருக்கு முந்தைய பருவத்தில் நிலம் முழுவதும் நெருக்கமாக வளர்க்கும்போதே பயன் மிகுகிறது. செடியின் வகைக்கும் நூற்புழுவின் இனத்திற்கும் ஏற்ப இப்பயன் வேறுபடும்.

நன்மை செய்யும் பூச்சிகளும் மலரமைப்பும்

முதிர்ந்த ஒட்டுண்ணிக் குளவிகள் பலவற்றுக்குப் பூந்தேன் உணவாகிறது. அவற்றின் வாயுறுப்பு குறுகியதாதலின், ஆழமற்ற சிறுமலர்களிலேயே எளிதில் தேன் பெறுகின்றன. கொத்தமல்லி, சோம்பு ஆகியவற்றின் குடைபோன்ற பூங்கொத்துகள் இத்தகையன. மாலைக்கென வளர்க்கப்படும் அடுக்கிதழ்ச் செண்டுமல்லியில் தேனை அணுகுதல் அரிது. எனவே, இக்குளவிகளுக்கு உணவளிக்கும் பணியைச் செண்டுமல்லியிடம் மட்டும் எதிர்பார்த்தல் பொருந்தாது.

முடிவுரை

செண்டுமல்லியைக் காய்ப்புழுவைப் பொறுத்துக் ‘கவர்ச்சிப்பயிர்’ எனவும், நூற்புழுவைப் பொறுத்து ‘நூற்புழு ஒடுக்கி’ எனவும் வழங்குதல் தகும். முன்னது, நடவு நாளைக் கணித்துப் புழுக்களை அகற்ற வேண்டும் என்பதை உணர்த்தும். பின்னது, முன்பருவத்திலேயே நெருக்கமாக வளர்க்க வேண்டும் என்பதை உணர்த்தும். வேளாண் தமிழில் கலைச்சொல்லின் துல்லியம் உழவரின் விளைச்சலோடு நேரடித் தொடர்புடையது என்பது இதனால் பெறப்படும்.