பயிற்சியாளர் மாறினார், ஆட்டமும் மாறிற்று

ஆடுவோர் பெரும்பாலும் அவர்களேதாம். பயிற்சியாளர் ஒருவர் மாறுவதால் கால்பந்து அணி எழுந்துவிடுமா? மைசூரில் தமிழர் நாம் கூடும்போதெல்லாம் எழும் வழக்கு இது. சென்னையின் எஃப்.சி.யின் 2019–20 பருவத்தைச் சான்றாக வைக்கிறேன்.

முந்திய பருவத்தில் இந்தியன் சூப்பர் லீகில் கடைசி இடம். புதிய பருவத்திலோ முதல் நான்கு ஆட்டங்களில் ஒரு கோல்கூட இல்லை! ஆறு ஆட்டங்களில் ஐந்தே புள்ளிகள். ஜான் கிரிகரி விலகினார். டிசம்பரில் வந்தார் ஓவன் காயில். 2009இல் பர்ன்லி அணியை இங்கிலாந்தின் பிரீமியர் லீகுக்கு உயர்த்தியவர். அவர் செய்தது மந்திரமன்று. கிரிவெல்லாரோ, சாங்தே போன்றோரைத் தளையின்றி முன்னேறித் தாக்கவிட்டார், அவ்வளவே. எஞ்சிய 12 ஆட்டங்களில் 24 புள்ளிகள்! வால்ஸ்கிஸ் மட்டும் அப்பருவத்தில் 15 கோல்கள் அடித்தார்.

அறிவியல் பயில்பவன் ஆதலால் ஓர் ஐயமும் உண்டு: மிகத் தாழ்ந்த அணி தானாகவே சற்று எழும். ஆனால் இந்த எழுச்சி ‘சற்று’ அன்று, நண்பர்களே! அரையிறுதியில் கோவாவை இரு ஆட்டங்களிலும் சேர்த்து 6–5 என வென்றனர். அந்த ஐந்தையும் கவனியுங்கள். தற்காப்பின் ஓட்டை அடைபடவில்லை. 2020 மார்ச் 14 அன்று, கொரோனாவால் காண்போரின்றி நடந்த இறுதியாட்டத்தில் ஏ.டி.கே. 3–1 என வென்றதும் அவ்வோட்டை வழியே என்பேன்.