கடலடி மீட்பில் மூன்று வாகனங்கள்

ஆழ்கடலில் ஆபத்து நேர்ந்தால் எந்த வாகனத்தை இறக்குவது என்று கேட்டால், மிக ஆழம் செல்லக்கூடியது எதுவோ அதை என்றே பலருக்கும் சொல்லத் தோன்றும். ஆனால் 1973-இல் அயர்லாந்துக்குத் தென்மேற்கே சுமார் 150 மைல் தூரத்தில் நடந்த மீட்பைக் கவனித்தால், வாகனத்துக்குச் சக்தி எங்கிருந்து கிடைக்கிறது, அதன் கை எதைப் பற்றும் என்பவையே பிரதானம் என்பது விளங்கும்.

அட்லாண்டிக் சமுத்திரத்தில் தொலைபேசி வடம் பதிக்கும் வேலையிலிருந்த பைசிஸ் 3 என்ற சிறு நீர்மூழ்கி, ஆகஸ்டு 29 அன்று காலை மேலே வந்து தாய்க்கப்பலில் ஏற்றப்படும் தறுவாயில், இழுவைக் கயிறு சிக்கிப் பின்கோளத்தின் மூடி பெயர்ந்து, உள்ளே ஜலம் புகுந்ததால், ஏறத்தாழ 480 மீட்டர் ஆழத்தில் போய்க் கிடந்தது. ஆறடி விட்டமுள்ள முன்கோளத்துக்குள் ரோஜர் சாப்மன், ரோஜர் மாலின்சன் இருவரும், பிராணவாயுவை மிச்சப்படுத்தப் பேச்சையும் அசைவையும் அடக்கிப் படுத்தபடி, நலமாயிருப்பதை ஒருவர் கையை மற்றவர் அழுத்தியே தெரிவித்துக்கொண்டார்கள்.

மனிதர் ஏறிச் செல்லும் பைசிஸ் 2, பைசிஸ் 5 ஆகிய இரண்டும் முதலில் இறங்கின. கண்ணால் நேரே பார்த்து, நிலைமைக்கேற்ப அந்த இடத்திலேயே தீர்மானிக்கும் ஆற்றல் இவற்றுக்கு உண்டு. எனினும் சக்தியைத் தம் மின்கலத்திலேயே சுமந்து செல்பவையாதலால், பைசிஸ் 5 தேடிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் தீர்ந்து மேலேற வேண்டியதாயிற்று; மறுமுறை இறங்கிக் கண்டுபிடித்தும் கொக்கியை மாட்ட முடியவில்லை. பைசிஸ் 2 கொண்டுசென்ற கயிறோ மிதக்கும் ஜாதி. அது மேல்நோக்கி இழுத்த இழுப்பில், வாகனத்தின் இயந்திரக் கையே சேதமுற்றது.

கலிபோர்னியாவிலிருந்து தருவிக்கப்பட்ட கர்வ் 3, ஆளில்லாதது. மின்சாரமும் கட்டளையும் கப்பலிலிருந்து வடத்தின் வழியே இறங்குவதால், மின்கலம் தீருமென்ற கவலை அதற்கில்லை. இதே வரிசையின் முந்தைய யந்திரந்தான் 1966-இல் ஸ்பெயினின் பாலோமாரெஸ் கடலில், ஆல்வின் என்ற ஆளேறும் நீர்மூழ்கி கண்டுபிடித்த ஹைட்ரஜன் குண்டை மேலே கொண்டுவந்தது. ஆனால் இம்முறை மின்கோளாறு ஒன்று அதைக் கப்பலிலேயே தாமதப்படுத்திற்று.

செப்டம்பர் 1 அதிகாலை, இதற்கென்றே செய்த பிடியொன்றைப் பைசிஸ் 2 பின்கோளத்தில் பொருத்திற்று. சில மணி நேரத்தில் கர்வ் 3 இரண்டாவது கயிற்றை மாட்டிற்று. தேட மனிதக் கண்ணும், பாரம் தூக்க இரட்டைக் கயிறும் என்று இரு வகையையும் சேர்த்து இறக்கியதே விவேகமென்பது என் துணிபு. வடத்துக்கும் குறையுண்டு: தூக்கும்போது கர்வ் 3 கயிறுகளில் சிக்கிக்கொள்ள, அதை விடுவிப்பதற்காக நடுவழியில் நிறுத்தவேண்டி வந்தது. பிற்பகல் 1.17-க்கு நீர்மூழ்கி மேலே வந்தபோது, உள்ளே இருந்த பிராணவாயு இன்னும் 12 நிமிஷத்துக்கே போதுமானதாயிருந்தது.