பின்பாட்டுப் பாட ஆள் வேண்டும்

வங்காளத்தில் குடியேறி வாழும் நம் சங்கத்து அன்பர்களுக்குப் ‘பாடா கிளப்’ என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. ஒரு கேரம் பலகை, துர்கா பூஜை வசூலுக்கு ஒரு ரசீதுப் புத்தகம், கால்பந்து பற்றி ஓயாத வாக்குவாதம், இவை மூன்றும் சேர்ந்தால் கிளப்! லிலுவாவில் எங்கள் தெருக்கோடியில் உள்ள கிளப்பில் இன்னொன்றும் உண்டு. மாதத்தில் ஒரு ஞாயிறு பிற்பகல் கேரம் பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஜமுக்காளம் விரித்து, நாட்டுப்பாடல் பாடுவார்கள். மேடை கிடையாது, மைக் கிடையாது, தலைவர் உரை அறவே கிடையாது.

சென்ற மார்கழியில் ஒரு ஞாயிறன்று நான் என் மனைவியையும் பதினொரு வயதுப் பேத்தியையும் அழைத்துக்கொண்டு போயிருந்தேன். மூன்று மணிக்கு முப்பது பேர் கூடியிருந்தோம். மண் குவளையில் தேநீரும், காகிதக் கூம்பில் பொரியும் வந்தன.

வேலையே தாளம்

முதலில் உள்ளூர் இளைஞர் இருவர் பாடியது பாட்டியாலி, அதாவது படகோட்டிகளின் பாட்டு. ஆறு போகும் போக்கிலேயே படகு மிதந்து செல்லும்போது துடுப்பு வலிக்கும் வேலை குறைவு. எனவே பாட்டும் தாளக் கட்டில்லாமல், நீண்ட இழுப்பாக, ஆற்றைப் போலவே அகன்று செல்கிறது. அடுத்து அவர்களே ‘சாரி’ பாட்டு ஒன்றைத் தொடங்கினார்கள். இது பலர் சேர்ந்து துடுப்பு வலிக்கும்போது பாடுவது. உடனே தாளம் வந்துவிட்டது. அறையில் இருந்தவர்களின் கைகளும் தொடையில் தட்டத் தொடங்கிவிட்டன.

இதை நான் ரயில்வேயில் கண்ணாரக் கண்டிருக்கிறேன். தண்டவாளம் கோணியிருந்தால் கேங்மேன்கள் வரிசையாக நின்று கடப்பாரையை அடியில் கொடுத்து நெம்புவார்கள். ஒருவர் ராகம் போட்டுக் குரல் கொடுப்பார். மற்றவர்கள் ‘ஹையா’ என்று பதில் கொடுப்பார்கள். அந்தப் பதில் விழும் கணத்தில்தான் பத்துப் பேரின் பலமும் ஒன்றாகிறது, தண்டவாளம் நகர்கிறது. குரல் கொடுப்பவர் எவ்வளவு நன்றாகப் பாடினாலும், பதில் இல்லையேல் இரும்பு அசையாது.

இப்படிப் பதில் குரல் கொடுப்பவர்களை வங்காளிகள் ‘தோஹார்’ என்பார்கள். நம் தெருக்கூத்தில் பின்பாட்டு, வில்லுப்பாட்டில் ‘ஆமா’ போடுபவர் என்று சொல்கிறோமே, அதேதான்.

ஏக்தாராவும் கமக்கும்

நான்கு மணியளவில் வீர்பூம் மாவட்டத்திலிருந்து ரயிலில் வந்திருந்த பாவுல்கள் மூவர் அமர்ந்தனர். எழுபதைத் தாண்டிய பெரியவர் ஒருவர், அவருடைய சீடர், சீடரின் மனைவி. மகர சங்கராந்தியன்று, அதாவது நம் பொங்கல் சமயத்தில், அஜய் நதிக்கரையில் ஜெயதேவ் கெந்துலி மேளா கூடும். இரவெல்லாம் பாவுல்கள் பாடுவார்கள். அதற்கு முன்பாக இப்படிச் சில இடங்களில் பாடிச் செல்வது அவர்கள் வழக்கம்.

சுரைக்குடுக்கையில் மூங்கில் பொருத்தி ஒரே தந்தி கட்டியது ஏக்தாரா. ‘கமக்’ என்பது என்னைப் போன்ற மெக்கானிக்கல் ஆசாமிகளுக்கு நல்ல விருந்து. ஒரு பக்கம் தோல் கட்டிய சிறு மரக் குடம். தோலின் நடுவிலிருந்து வரும் நரம்பின் மறுமுனை ஒரு கைப்பிடியில் முடிகிறது. குடத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஒரு கையால் நரம்பை இழுத்தும் தளர்த்தியும், மறு கையால் மீட்டுகிறார்கள். இழுவிசை நான்கு மடங்கானால்தான் சுருதி ஒரு ஸ்தாயி உயரும் என்று டிப்ளமா வகுப்பில் படித்தோம். அந்தச் சீடரோ கணக்கு எதுவும் இன்றி, பிடியின் அழுத்தத்திலேயே அதைச் சாதித்தார்.

பாவுல் பாட்டுக்கு உலகப் புகழ் உண்டு. 1905இல் தாகூர் எழுதிய ‘அமார் சோனார் பாங்ளா’ இன்று வங்கதேசத்தின் தேசிய கீதம். அதன் மெட்டு, தபால்காரராக இருந்த ககன் ஹர்கரா என்ற பாவுலின் பாட்டிலிருந்து வந்தது. 1967இல் அமெரிக்கப் பாடகர் பாப் டிலன் வெளியிட்ட இசைத்தட்டின் உறையில் பூர்ண தாஸ் பாவுல் அவருடன் நிற்கிறார். 2005இல் வங்கதேசத்துப் பாவுல் பாடல்களை யுனெஸ்கோ மானுட மரபுச் செல்வங்களில் ஒன்றாக அறிவித்தது. கடவுளைக் கோயிலில் தேடாமல் உடலுக்குள் தேடுவது அவர்கள் கொள்கை. நம் சித்தர்களைப் படித்தவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது.

ஓர் இளைஞர் சினிமாப் பாட்டு ஒன்றைக் கேட்டார். பெரியவர் கோபிக்கவில்லை. “அதை உங்கள் ஃபோனே பாடுமே, தம்பி! இதற்குத்தான் நீங்கள் வேண்டும்” என்று சிரித்துவிட்டு, சில்ஹெட் பகுதியில் வாழ்ந்த ஷா அப்துல் கரீமின் (1916–2009) பாட்டொன்றை எடுத்தார். உடலே வண்டி, மனமே ஓட்டுநர். வண்டி பாதி வழியில் நின்றுவிட்டது, பாகங்கள் தேய்ந்துவிட்டன என்று போகும் பாட்டு அது. முப்பத்தெட்டு வருடம் ரயில் பெட்டிகளைப் பழுது பார்த்து ஓய்வு பெற்ற நான் அதை எப்படிக் கேட்டிருப்பேன் என்று சொல்லவும் வேண்டுமா! பல்லவி திரும்பும் போதெல்லாம் அறை முழுவதும் பாடியது. சினிமாப் பாட்டுக் கேட்ட இளைஞரின் குரல்தான் எல்லோரையும்விட உரக்கக் கேட்டது.

பாதியில் நின்ற பாட்டு

அப்போது சீடரின் மனைவி என் மனைவியைப் பார்த்து, “உங்கள் ஊர்ப் பாட்டு ஒன்று பாடுங்களேன், தீதி” என்றார்.

என் மாமியார் திருவாரூர்ப் பக்கத்தில் கூலிக்கு நாற்று நட்டவர். என் மனைவி சிறுமியாக இருந்தபோது அவர் கூடவே வயலில் இறங்கியவள். வங்காளத்துக்கு வந்து நாற்பது ஆண்டுகளாகியும் அவள் நடவுப்பாட்டை எங்கும் பாடியதில்லை. பாடச் சொல்லி யாரும் கேட்டதுமில்லை. அன்று இரண்டு அடி பாடினாள், நிறுத்திவிட்டாள். மறந்துவிட்டதா என்று மெல்லக் கேட்டேன். “மறக்கலைங்க. அடுத்த அடி மத்தவங்க பாடணும்” என்றாள்.

அறை ஒரு கணம் அமைதியானது. சீடரின் மனைவிக்கு மொழி புரியாவிட்டாலும் விஷயம் புரிந்துவிட்டது. அந்த அடியைச் சொல்லிக் கொடுக்கும்படி சைகை காட்டினார். இருமுறை சொன்னதும் அங்கிருந்த வங்காளப் பெண்கள் திருப்பிப் பாடினார்கள். ‘ழ’கரம் படாதபாடு பட்டது என்னவோ உண்மைதான், ஆனால் தாளம் ஒரு இம்மிகூடப் பிசகவில்லை. மூன்றாவது சுற்றில் எங்கள் பேத்தியும் சேர்ந்துகொண்டாள். தன் பாட்டிக்கு இப்படி ஒரு குரல் உண்டு என்பது அவளுக்கு அன்றுதான் தெரியும். பாட்டு முடியும்போது என் மனைவி குலவையிட்டாள். உடனே வங்காளப் பெண்களும் தங்கள் உலுத்வனியை எழுப்பினார்கள். எது நம்முடையது, எது அவர்களுடையது என்று பிரித்தறிய முடியவில்லை.

நம் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம்

பெர்சி மக்வீன் என்ற ஆங்கில அதிகாரி திரட்டிய நம் நாட்டுப்பாடல்களை கி.வா.ஜகந்நாதன் பதிப்பித்து ‘மலையருவி’ என்ற நூலாகத் தந்தார். பேராசிரியர் நா.வானமாமலையும் பெருமுயற்சி செய்து தொகுத்தார். அதனால் சொற்கள் நமக்கு மிஞ்சின. மெட்டும், மறுகுரல் விழும் இடமும் பாடியவர்களின் தொண்டையில்தான் இருக்கின்றன. ஊரிலோ பல வயல்களில் நடவு இயந்திரம் இறங்கிவிட்டது. பாட்டுக்கு வேலை இல்லை.

நம் சங்க மேடையில் கர்நாடக இசைக்கு இடமுண்டு, சினிமா நடனத்துக்கும் உண்டு, நன்று. நடவு நட்டவர், ஏற்றம் இறைத்தவர், தாலாட்டும் ஒப்பாரியும் அறிந்தவர் ஆகியோரும் நம் குடும்பங்களில் இருக்கிறார்கள். அறுபது எழுபது வயதைக் கடந்த அவர்களை நாம் இன்னும் எத்தனை காலம் காக்க வைப்பது?

மாதத்தில் ஒரு ஞாயிறு, மாலை மூன்று முதல் ஐந்து மணி வரை, சங்கக் கூடத்தை இதற்கு ஒதுக்கித் தருமாறு நிர்வாகக் குழுவை வேண்டிக்கொள்கிறேன். பொன்னாடை வேண்டாம், சிறப்பு விருந்தினர் வேண்டாம். தேநீரும் பொரியும் என் செலவு. கைப்பேசியில் பதிவு செய்யவும் சொற்களை எழுதிக்கொள்ளவும் நம் பிள்ளைகளே போதும். பாடத் தெரிந்த பெரியவர்கள் தயங்காமல் பெயர் கொடுக்கலாம். பாடத் தெரியாதவர்கள் அவசியம் வர வேண்டும். பின்பாட்டுக்குத்தான் இப்போது ஆள் தேவை.