அக்காவின் காலண்டர் தாள்கள்

தாம்பரம் ரயில் நிலையத்தில் மேற்கிலிருந்து கிழக்குக்கு வர நடைமேம்பாலம் ஏறியாக வேண்டும். என் அக்கா ஏறிவிடுவார். அன்று மாலைகூட நன்றாகத்தான் இருப்பார். மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ விழுவார். கைகால் இரும்பாய்க் கனக்கும், டியூப்லைட் வெளிச்சம் கண்ணைக் குத்தும், சேலையூர் வீட்டின் பின்னறையில் இரண்டு நாள் படுக்கை. 2021இல் கொரோனா இரண்டாம் அலையில் காய்ச்சல் வந்து போனதிலிருந்து இப்படித்தான்.

ரத்தம், தைராய்டு, ஈசிஜி, எக்ஸ்ரே எல்லாம் எடுத்தோம். "ரிப்போர்ட் எல்லாம் நார்மல்மா. எல்லாம் மனசுதான். டென்ஷன் ஆகாதீங்க, தினமும் அரை மணி நேரம் வாக்கிங் போங்க" என்றார் ஒரு டாக்டர். அக்கா சொன்னபடி நடந்தார். பதினைந்தாம் நாள், குளியலறைக்குப் போகவே சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. போய்ச் சொன்னோம். "முதல்ல பயத்தை விடுங்க" என்று பதில் வந்தது.

மனநோயை நான் குறைத்துப் பேசவில்லை. மனச்சோர்வும் நிஜமான நோய்தான். அதற்கு மருந்தும் மரியாதையும் வேண்டும். ஆனால் சோதனையில் ஒன்றும் அகப்படாதபோது 'இன்னும் தெரியவில்லை' என்பதுதானே நேர்மையான பதில்? 'மனசுதான்' என்று முடிவு கட்ட ஆதாரம் வேண்டாமா?

இதே கேள்வியை இங்கிலாந்தில் எம்.இ. நோயாளிகள் பல ஆண்டுகள் கேட்டார்கள். பெரும்பாலும் ஒரு வைரஸ் காய்ச்சலுக்குப் பின் பிடித்துக்கொண்டு, சிறு உழைப்புக்கே ஆளைச் சாய்க்கும் நோய் அது. கொரோனாவுக்குப் பின் எழ முடியாமல் கிடப்பவர்கள் சிலரிடமும் இதே அடையாளம் தெரிகிறது. உலக சுகாதார நிறுவனம் 1969லேயே எம்.இ.யை நரம்பு மண்டல நோய்களின் பட்டியலில் வைத்துவிட்டது. ஆனால், 'இவர்கள் உழைக்கப் பயப்படுகிறார்கள், பழக்கம் விட்டுப்போய்விட்டது. மனப்பயிற்சி கொடுத்து, நடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் சரியாகிவிடும்' என்றது ஒரு மருத்துவர் கூட்டம். 641 பேரை வைத்து 'பேஸ்' என்ற ஆய்வு நடத்தி, பலன் இருப்பதாக 2011இல் 'லான்செட்' இதழில் எழுதினார்கள்.

நோயாளிகள் அந்தக் கட்டுரைகளை வரிவரியாகப் படித்தார்கள். உடல் இயக்கத்துக்கு நூற்றுக்கு 65 அல்லது அதற்குக் கீழே மதிப்பெண் இருந்தால்தான் ஆய்வில் சேரலாம். 'குணமானவர்' என்று எண்ணுவதற்கோ அதே அளவுகோலில் 60 போதும்! சேர்ந்தபோது இருந்ததைவிட மோசமானவரும் அந்தக் கணக்கில் தேறிவிடலாம். அலெம் மாத்தீஸ் என்ற ஆஸ்திரேலிய நோயாளி, பிரிட்டனின் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் ஆய்வின் தரவுகளைக் கேட்டார். அவற்றை வைத்திருந்த லண்டன் குவீன் மேரி பல்கலைக்கழகம் தர மறுத்தது. 2016இல் தீர்ப்பாயம் அவர் பக்கம் நின்றது. தரவுகள் வெளிவந்து முதலில் வகுத்த விதிப்படி எண்ணியபோது, 22 சதவீதம் என்று சொன்ன 'குணம்' ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது. 2021 அக்டோபரில், பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு, படிப்படியாக உழைப்பைக் கூட்டும் அந்தச் சிகிச்சையைக் கொடுக்கக் கூடாது என்று வழிகாட்டுதலையே மாற்றியது. படுக்கையில் கிடந்தவர்கள் பார்த்த வேலை இது. நினைத்தால் எனக்குக் கண் கலங்குகிறது.

காரணம் தெரியாத நோயை மனசின் மேல் போடுவது புதிதல்ல. தாம்பரத்துக்கு அடுத்த ஸ்டேஷன் சானடோரியம். டாக்டர் சவுரிமுத்து 1928இல் காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய மருத்துவமனைதான் அந்தப் பெயரைக் கொடுத்தது. ராபர்ட் கோக் 1882இல் கிருமியைக் காட்டும்வரை, காசநோய் மென்மையான மனசுக்காரர்களுக்கு வரும் நோய் என்று ஐரோப்பாவில் பலர் நம்பினார்கள். வயிற்றுப்புண்ணுக்கும் கவலையைத்தான் காரணமாகச் சொன்னோம். பெரும்பாலும் ஒரு பாக்டீரியாதான் காரணம் என்று காட்டிய மார்ஷலுக்கும் வாரனுக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது.

அக்கா தினசரி காலண்டரில் கிழித்த தாள்களைச் சேர்த்து வைத்திருக்கிறார். பின்பக்கம் பென்சிலில் எழுதியிருப்பார்: 'செவ்வாய், பாலம் ஏறினேன். புதன், பரவாயில்லை. வியாழன், தலை தூக்க முடியலை.' இரண்டு வருடத் தாள்களை ரப்பர் பேண்டு போட்டு எடுத்துப் போனோம். டாக்டர் பிரித்துப் பார்க்கவில்லை.

மருத்துவர்களே, வாக்கிங் போகச் சொல்லி அனுப்பியவர் திரும்பி வந்தால், "மறுநாள் எப்படி இருந்தீங்க?" என்று கேளுங்கள். அவர் தாளை நீட்டினால், தயவுசெய்து வாங்கிப் படியுங்கள்.