மரபணு ஆய்வும் குடும்பத்தின் ஒப்புதலும்

ஒருவர் மரபணு ஆய்வுக்குக் கொடுக்கும் இரத்தத்தில் அவருடைய பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் பற்றிய செய்தியும் அடங்கியிருக்கிறது. ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிடுபவரோ அவர் ஒருவரே. இத்துறையின் அறச்சிக்கல்களில் பல இங்கிருந்தே தொடங்குகின்றன.

ஹண்டிங்டன் நோய் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. மூளையின் நரம்புச் செல்களைச் சிறிது சிறிதாக அழிக்கும் இந்நோய் பெரும்பாலும் 30 வயதுக்கு மேல்தான் வெளிப்படும். அதற்குள் பலருக்குக் குழந்தைகள் பிறந்திருக்கும். பெற்றோரில் ஒருவருக்கு இந்நோய் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர 50 விழுக்காடு வாய்ப்பு உண்டு. வெனிசுவேலாவில் மரக்காய்போ ஏரிக்கரையில் இந்நோய் மிகுந்துள்ள குடும்பங்களை, நான்சி வெக்ஸ்லரின் குழு 1979 முதல் பல ஆண்டுகள் ஆராய்ந்தது. வெக்ஸ்லரின் தாயும் இந்நோயால் இறந்தவரே. ஏரிக்கரைக் குடும்பங்கள் கொடுத்த இரத்தத்தின் துணையால், நோய்க்குரிய மரபணு 4-ஆம் குரோமோசோமில் இருப்பது 1983-இல் தெரிந்தது. 1993-இல் அம்மரபணுவே கண்டறியப்பட்டது. உலகெங்கும் சோதனை வந்தது. நோயைக் குணப்படுத்தும் மருந்து இன்னும் வரவில்லை. உதவிய குடும்பங்களுள் பல வறுமையிலேயே இருக்க, ஆய்வு அவர்களுக்கு எதைத் திருப்பிக் கொடுத்தது என்ற கேள்வி நியாயமானதே.

சோதனையும் எளிதன்று. தாத்தாவுக்கு இந்நோய், தந்தை சோதித்துக்கொள்ள விரும்பவில்லை. வயது வந்த மகள் சோதித்து 'உண்டு' என்று வந்தால், தந்தையின் முடிவும் அவர் கேட்காமலேயே வெளியாகிவிடும். மகளுக்கு அறியும் உரிமை இருப்பதுபோல் தந்தைக்கு அறியாதிருக்கும் உரிமையும் உண்டு. (மருந்தில்லாத நோயைப் பற்றி அறிய மறுப்பது கோழைத்தனம் ஆகாது.) அறிகுறி இல்லாத சிறுவர்களுக்கு இச்சோதனையைச் செய்வதில்லை என்பது பரவலாக ஏற்கப்பட்ட நெறி.

குடும்பத்தை விட்டு ஒரு சமூகம் முழுவதையும் சோதிக்கும்போது களங்கமும் பெரிதாகிறது. அமெரிக்காவில் 1970-களின் தொடக்கத்தில் சில மாநிலங்கள் கறுப்பின மக்களுக்கு அரிவாள் செல் சோதனையைக் கட்டாயமாக்கின. இக்குறைபாட்டு மரபணு ஒன்று மட்டும் உடையவர் 'கடத்தி'. பொதுவாக நலமாகவே வாழ்வார். இதைச் சரியாக விளக்காததால் கடத்திகளும் நோயாளிகளாகக் கருதப்பட்டு, வேலையிலும் காப்பீட்டிலும் ஒதுக்கப்பட்டனர். அமெரிக்க விமானப்படைக் கல்விக்கழகம் 1981 வரை அவர்களைச் சேர்க்கவில்லை.

இந்தியாவில் இக்குறைபாடு 1952-இல் நீலகிரிப் பழங்குடியினரிடையே கண்டறியப்பட்டது. 2023-இல் தொடங்கிய தேசிய இயக்கம் 7 கோடிப் பேரைச் சோதிக்கத் திட்டமிட்டது. இதனால் பயன் உண்டு: நோயுள்ள குழந்தையை முன்பே அறிந்தால் தொற்றுகளிலிருந்து காக்கலாம். கடத்திகள் இருவர் மணந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர 25 விழுக்காடு வாய்ப்பு உள்ளதால், திருமணத்துக்கு முன் ஆலோசனையும் தேவை. ஆனால் 'கடத்தி' என்ற சொல்லின் பொருளை அவரவர் மொழியில் விளக்காமல் முடிவை மட்டும் கையில் கொடுத்தால், திருமணப் பேச்சில் அது ஒரு பெண்ணை விலக்கவே பயன்படும்.