துருப்பிடித்த சரித்திரம்

மும்பை காலா கோடா பகுதியில் உள்ள எஸ்பிளனேடு மேன்ஷன், ஒரு காலத்தில் நகரின் ஆடம்பரத்துக்கு அடையாளம். ஆனால் 2019இல் அதன் கடைசி வாடகைதாரர்கள் வெளியேறியபோது மிஞ்சியது துருவேறிய தூண்களும் உளுத்துப்போன மரப்படிகளும்தான். அன்று அதன் பெயர் வாட்சன்ஸ் ஹோட்டல்.

துணி வியாபாரி ஜான் வாட்சன் 1860களில் எழுப்பிய கட்டடம் இது. வடிவமைத்தவர் லண்டன் செயின்ட் பாங்க்ராஸ் ரயில் நிலையப் பணியிலும் பங்குகொண்ட பொறியாளர் ரோலண்ட் மேசன் ஆர்டிஷ். வார்ப்பிரும்புத் தூண்களும் உத்தரங்களும் இங்கிலாந்தில் தயாராகி, கப்பலில் வந்து, பம்பாயில் பூட்டப்பட்டன. பாரத்தைத் தாங்குவது சுவரல்ல, இரும்புச் சட்டம். பின்னாளில் வானளாவிய கட்டடங்களைச் சாத்தியமாக்கியதும் இதே சூத்திரம்தான்.

ஐந்து மாடி, சுமார் 130 அறைகள், இங்கிலாந்திலிருந்து வரவழைக்கப்பட்ட பணிப்பெண்கள். விருந்தினர்கள் வெள்ளையர்கள் மட்டுமே. ஜாம்ஷெட்ஜி டாட்டாவை வாசலிலேயே தடுத்ததால்தான் அவர் தாஜ் ஹோட்டலைக் கட்டினார் என்ற கதை பிரபலம். வரலாற்றாசிரியர்கள் பலர் அதை ஏற்பதில்லை. ஆனால் 1903இல் தாஜ் திறந்தபின் வாட்சன்ஸின் மவுசு குறைந்தது என்பதில் சந்தேகமில்லை.

அதற்குள் அது சரித்திரத்தில் இடம்பிடித்துவிட்டது. 1896 ஜூலை 7ஆம் தேதி லூமியர் சகோதரர்களின் குறும்படங்கள் இந்தியாவில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது இங்கேதான். கட்டணம் ஒரு ரூபாய். அதே ஆண்டு இங்கு தங்கிய அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன், பம்பாய்க் காக்கைகளின் அட்டகாசத்தைத் தன் பயண நூலில் வேடிக்கையாக விவரித்தார்.

ஹோட்டல் மூடப்பட்டபின், அறைகள் தடுப்புகளால் கூறுபோடப்பட்டு வாடகைக்கு விடப்பட்டன. நீதிமன்றங்கள் அருகிலேயே இருந்ததால் வக்கீல்கள் குவிந்தனர். 1947ஆம் ஆண்டின் பம்பாய் வாடகைச் சட்டம் வாடகையை உறையவைத்தது. சொற்ப வாடகைக்கு ரிப்பேர் செய்ய உரிமையாளருக்கு மனமில்லை. சொந்தமில்லாத கட்டடத்துக்குச் செலவழிக்க வாடகைதாரருக்கும் மனமில்லை. கடலோரக் காற்றில், வர்ணம் பூசாத இரும்பு எத்தனை காலம் தாங்கும்?

2005இல் பால்கனிப் பகுதி இடிந்து விழுந்து ஒருவர் இறந்தார். உலக நினைவுச் சின்ன நிதியம், அழிவின் விளிம்பில் உள்ள 100 சின்னங்களின் 2006ஆம் ஆண்டுப் பட்டியலில் இதைச் சேர்த்தது. அப்போதும் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. 2018இல் மீண்டும் ஒரு பகுதி சரிந்தது. மறு ஆண்டு நீதிமன்றம் கட்டடத்தைக் காலிசெய்ய உத்தரவிட்டது. இடிப்பதே நல்லது என்றது பம்பாய் ஐ.ஐ.டி.யின் ஆய்வறிக்கை, காப்பாற்ற முடியும் என்று வாதாடினர் பாரம்பரியப் பாதுகாப்பு நிபுணர்கள்.

பொறியியல் சர்ச்சைக்கு விடை கண்டுவிடலாம். அடிப்படைக் கேள்வி வேறு: பராமரிப்புச் செலவு யார் தலையில்? புராதனக் கட்டடம் என்று பட்டியலில் சேர்ப்பது சுலபம். அந்தப் பட்டியல் துருவைத் தடுக்காது. பழைய வாடகைக்குக் கட்டுண்டு கிடக்கும் தென்மும்பைக் கட்டடங்கள் இன்னும் எத்தனையோ. வாட்சன்ஸின் கதை அவற்றுக்கும் எச்சரிக்கை.