அணித்தலைவியின் கேள்விகள்

ஓர் அணிக்கு ஆள் தெரிந்தெடுக்கும்போது, பந்தைக் கொடுத்து ஆடச் சொல்லிப் பார்ப்பதே வழக்கம். திறமையைக் கண்ணால் கண்டபின் கேள்வி எதற்கு என்று பலர் எண்ணக்கூடும். ஆயினும், ஆட்டம் பார்த்து முடிந்தபின் அணித்தலைவர் புதியவரை அருகழைத்துச் சிறிது நேரம் உரையாடுவது தெரிவின் சரிபாதி எனலாம். ஊவாவின் தோட்டங்களைப் பொறுத்தவரையில் இதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு.

கரப்பந்தாட்டத்தை எடுத்துக்கொள்வோம். 1895இல் அமெரிக்காவில் வில்லியம் மோர்கன் உருவாக்கிய இவ்வாட்டம், 1916இல் இலங்கைக்கு வந்தது; 1991இல் நாட்டின் தேசிய விளையாட்டாயிற்று. பசறை, மடுல்சீமை, நமுனுகுலை முதலிய இடங்களின் தோட்டங்கள் மலைச்சரிவில் அமைந்தவை. உதைபந்தாட்டத்துக்கு வேண்டிய சமநிலம் அங்கே அரிது. கரப்பந்துக்கோ 18 மீற்றர் நீளமும் 9 மீற்றர் அகலமும் கொண்ட தரையும், சுற்றிலும் சற்று வெளியும் இருந்தால் போதும்.

இவ்வாட்டத்தின் அமைப்பே தலைவியின் கேள்விகளுக்குக் காரணமாகிறது. அறுவரும் முறைமாறி இடம் பெயர்கின்றனர். பந்தை மும்முறைக்குள் எதிர்ப்புறம் அனுப்பியாக வேண்டும். முதலில் ஏற்பவரும் அடுத்து உயர்த்திக் கொடுப்பவரும் கைதட்டல் பெறுவது அரிது. மூன்றாவதாக அடிப்பவரே புகழ் பெறுகிறார். ஆகவே தலைவியின் முதற் கேள்வி பெரும்பாலும் இதுதான்: “தங்கச்சி, நீ எந்த இடத்தில் ஆட விரும்புகிறாய்? அந்த இடம் கிடைக்காவிட்டால் என்ன செய்வாய்?” அடிப்பதில் வல்லவளாயினும் பிறருக்குப் பந்து எடுத்துக் கொடுக்க மனமில்லாதவள் அணிக்குப் பாரமாவாள்.

இரண்டாவது கேள்வி உடல்நிலை பற்றியது. முழங்கால் வலியையோ விரற் சுளுக்கையோ மறைத்து இடம் பெறுவோர் உண்டு. அது தைரியம் ஆகாது. ஆட்டத்தின் நடுவே அவள் விழுந்தால் அவளுக்கும் கேடு, அணிக்கும் கேடு. முன்கூட்டியே சொன்னால், அதற்கேற்பப் பயிற்சியைக் குறைத்து அவளைக் காப்பாற்ற இயலும்.

இத்தகைய உரையாடல் பிற நாடுகளிலும் உண்டு. 1935இல் சிக்காகோவில் தோன்றி, 2001இல் ஒஸ்ரின் நகரப் பெண்களால் புத்துயிர் பெற்ற ரோலர் டேர்பி என்னும் சில்லுச் சறுக்காட்டத்தில், அணிக்கு ஐவர் களம் இறங்குவர். ஒருத்தி எதிரணியினரைத் தாண்டிச் சென்று புள்ளி சேர்ப்பாள். ஏனைய நால்வரும் எதிரிகளைத் தடுத்து அவளுக்கு வழி திறப்பர். கழகங்கள் பலவற்றை ஆட்டக்காரிகளே நடத்துகின்றனர். எனவே சறுக்கும் திறமையைச் சோதித்தபின், புதியவளோடு அணித்தலைவியர் அமர்ந்து பேசும் வழக்கமும் அங்கே காணப்படுகிறது. உடல்மோதல் மிகுந்த ஆட்டமாதலால், நம்பத்தக்க துணை யார் என்பதை அவர்கள் அறிய விரும்புகின்றனர்.

மூன்றாவது கேள்வி எளிதாகத் தோன்றும்: “பயிற்சிக்கு வாரத்தில் எத்தனை நாள் வருவாய்?” இக்கேள்விதான் தோட்டத்துப் பெண்ணைத் தடுமாறச் செய்வது. காலையில் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்தவள், மாலையில் கொழுந்து நிறுத்த பின்னரே லயத்துக்குத் திரும்புகிறாள். தண்ணீரும் விறகும் அடுப்பும் அவளுக்காகக் காத்திருக்கின்றன. ஆறரை மணிக்கெல்லாம் மலையில் இருள் சூழ்ந்துவிடும். “இரண்டு நாள்தான் வரலாம்” என்று அவள் தலைகுனிந்து கூறும்போது, ஆர்வமற்றவள் எனத் தலைவி முடிவுகட்டிவிட்டால், ஒரு நல்ல ஆட்டக்காரி அன்றோடு மறைந்துபோகிறாள். “ஞாயிறு காலை வைத்தால் வருவாயா? வீட்டாரோடு நாங்கள் பேசட்டுமா?” என்று அடுத்த கேள்வியைக் கேட்பவளே நல்ல தலைவி.

புதியவர்களும் ஒன்றை அறிய வேண்டும். எல்லாவற்றுக்கும் “ஓம்” என்று சொல்வது நல்ல விடையன்று. நாள்தோறும் வருவதாக வாக்களித்துப் பின் வாராதிருப்பதிலும், வரக்கூடிய நாட்களை உள்ளபடி கூறித் தவறாது வருவது மேல். தெரியாத ஆட்டமுறையைத் தெரியாதென்று சொல்வதிலும் இழுக்கில்லை. கற்கும் மனம் இருப்பதைத் தலைவி அதிலிருந்தே கண்டுகொள்வாள். பயிற்சி முடிந்து வீடு திரும்பத் துணை உண்டா, அடிபட்டால் யார் பார்ப்பார் என்று அவளும் கேட்கலாம். கேட்பது அவள் உரிமை.

கரப்பந்து விதிகளின்படி, ஆட்டம் நிகழும்போது நடுவரிடம் விளக்கம் கேட்கும் உரிமை களத்திலுள்ள தலைவருக்கு மட்டுமே உண்டு. ஏனைய ஐவரின் குரலும் அவர் வாயிலாகவே ஒலிக்கிறது. அவர்களுக்காகப் பேசவேண்டியவர், அணியில் சேரும் நாளிலேயே ஒவ்வொருவரின் குரலையும் பொறுமையோடு கேட்டறிந்திருத்தல் முறையாகும்.